கரட்டுமேட்டின் விலை

வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய ஒரு சர்வே கல்லிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் என் அண்ணி ஒரே அளவாக எட்டு வைத்து எண்ணிக்கொண்டே நடந்து வந்தார். நல்ல சித்திரை வெயில். காலில் செருப்பில்லை. இடுப்பில் கைக்குழந்தை. எதிரே வந்த யாரோ பேச்சுக் கொடுத்தபோது எண்ணிக்கை தவறிவிடுமென்று வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினார். வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "நானூத்திப் பன்னெண்டு தம்பி. எழுதி வச்சுக்கங்க" என்றார். நான் எழுதவில்லை. கடத்தூரில் பள்ளிக்கூட வாத்தியாராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை எனக்கு. சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருந்த இடத்தில், ஊரே பார்க்க அண்ணி இப்படி நடந்துவருவது கூச்சமாக இருந்தது. எழுபதை நெருங்கும் இந்த வயதில், அன்றைக்குக் கூச்சப்பட்டேனே என்பதற்காகத்தான் கூச்சப்படுகிறேன்.

நாங்கள் இருந்த இடத்தைத் தர்மபுரி டவுன்காரர்கள் கரட்டுமேடு என்பார்கள். ஊர் முடிந்து, புளியமரங்களும் முடிந்து, வண்டிப்பாதையும் முடிந்த பிறகு வரும் ஒரு பாறைத் திட்டு. எங்கள் அப்பாவும் கூடவே பிழைக்க வந்த எட்டுப் பேரும் சேர்ந்து அதைச் சல்லிசாக வாங்கிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஒன்பது வீடுகள். நான்கு எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களுடையவை, மற்றவை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களுடையவை. தண்ணீருக்குக் கீழே இறங்கிக் கால் மைல் போகவேண்டும். மழை பெய்தால் வழுக்கும், பெய்யாவிட்டால் சுடும். அந்த மேட்டில் இருப்பவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள், அங்கிருந்து பெண் எடுக்கவும் யோசிப்பார்கள். அண்ணி ஓசூருக்கும் அப்பால், கன்னடம் பேசுகிற ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த புதிதில் அவர் பேசும் தமிழைக் கேட்டு அந்த மேடே சிரித்ததாம். ஒரு வருடத்திற்குள் சிரித்தவர்களையெல்லாம் தன் பேச்சைக் கேட்கவைத்துவிட்டார்.

சேலத்திலிருந்து பெங்களூருக்குப் புதிதாக ரயில் பாதை போடப்போகிறார்கள், அது தர்மபுரி வழியாக வரும் என்று அந்த வருடங்களில் பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. பெரியவர்கள் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடி, யுத்த காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். "போன ரயிலு திரும்பி வந்த கதை எங்கனா உண்டா" என்று எங்கள் அப்பா சாகும்வரை சொன்னார். ஆனால் கொடிகளும் சங்கிலியுமாக ஆட்கள் வந்தார்கள், மேட்டுக்குக் கிழக்கே வெள்ளைக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். அண்ணி எட்டு வைத்து அளந்தது அந்தக் கல்லிலிருந்துதான்.

கல் நட்டுச் சில வாரங்களில் புளி மண்டிக்காரர் மேட்டுக்கு வந்தார். என் அண்ணன் அவருடைய மண்டியில் மாட்டுவண்டி ஓட்டினார். பதினைந்து வயதிலிருந்து அங்கேதான் வேலை. அதனால் எங்கள் வீட்டில் அவர் வெறும் வியாபாரி இல்லை, முதலாளி. மல் வேட்டியும் கைக்குட்டையுமாக வியர்க்க வியர்க்க ஏறி வந்தவருக்கு அண்ணன் கயிற்றுக்கட்டிலைப் போட்டார். ஒன்பது வீட்டு ஆண்களும் கூடினார்கள். ரயில்வேக்காரன் இந்த மேட்டை எடுத்துக்கொள்ளப்போகிறான், சர்க்கார் கொடுக்கிற தொகை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அலைந்து அலைந்து செருப்புத்தான் தேயும் என்று பரிவோடு சொன்னார். "நம்ம ஆளுங்களாச்சேன்னுதான் வந்தேன். ஒன்பது வூட்டையும் நானே வாங்கிக்கறேன். சர்க்காரோட நான் மல்லுக்கட்டிக்கறேன். நீங்க கையில ரொக்கத்த வாங்கிக்கிட்டு நிம்மதியா இருங்க" என்றார். அவர் சொன்ன விலை, அதுவரை அந்த மேட்டுக்கு யாரும் சொல்லாத விலை. எல்லார் முகத்திலும் வெளிச்சம் வந்தது. என் முகத்திலும்தான். கம்பைநல்லூர் பக்கம் நல்ல மண்ணாகக் கொஞ்சம் வாங்கிப் போய்விடலாம் என்று அண்ணனிடம் நானே சொன்னேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அண்ணனும் தலையாட்டினார்.

அவர் இறங்கிப் போன பிறகு அண்ணி சோறு போட்டார். எங்களைச் சாப்பிட்டு முடிக்கவிட்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "வெள்ளத்துல போகப்போற ஆடுன்னு தெரிஞ்சா, அத யாராச்சும் வெல குடுத்து வாங்குவாங்களா தம்பி?"

"முதலாளி நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்றார் அண்ணன்.

"நல்லதுக்குன்னா ஒரு வூட்ட வாங்கட்டும். ஒன்பதும் எதுக்குங்க அவருக்கு?"

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை பத்திரம் எழுத மூன்று வீட்டார் ஒப்புக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. விடிந்ததும் அண்ணி, "இங்கிலீசு தெரியுமில்ல, வாங்க" என்று என்னைக் கிளப்பினார். ரயில்வேக்காரர்கள் முகாம் அடித்திருந்த இடத்துக்கு இரண்டு மணி நேரம் நடந்தோம்.

முகாமில் என் இங்கிலீஷ் எதற்கும் உதவவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை வாசலில் இருந்த குமாஸ்தாவிடம் ஒப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை, மனு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அவர் தமிழிலேயே சொல்லிவிட்டார். நான் திரும்பி நடக்கத் தொடங்கினேன். அண்ணி அசையவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் ஒருவர் சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். களி கட்டிகட்டியாக இருக்கிறது என்பதுதான் புகார், அதுவும் கன்னடத்தில். அண்ணி குமாஸ்தாவைத் தாண்டி நேரே அந்தக் குரலை நோக்கிப் போய், கேழ்வரகு மாவை எப்போது கொட்ட வேண்டும், எப்போது துடுப்புப் போட வேண்டும் என்று அதே பாஷையில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். திட்டிக்கொண்டிருந்தவர் எஞ்சினியர். முதலில் திகைத்தார், பிறகு சிரித்தார், எந்த ஊர் என்று கேட்டார். இவர் ஊரைச் சொன்னார். அவருடைய ஊர் அங்கிருந்து பத்து மைலுக்குள்தானாம். அதற்கு மேல்தான் அண்ணி வந்த காரியத்தைக் கேட்டார். "நம்ம மனெ ஹோகுத்தா சாமி?" எங்கள் வீடு போய்விடுமா என்று. எனக்குக் கன்னடம் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வியில் இருந்த நடுக்கம் புரிந்தது. அதுவரை அவருக்குப் பயமே இல்லை என்று நினைத்திருந்தேன்.

எஞ்சினியர் மேசைமேல் வரைபடத்தை விரித்தார். தாலுகா ஆபீசிலும் ஒட்டியிருக்கிறது, இதில் ரகசியம் எதுவும் இல்லை என்றார். கரட்டுமேட்டைப் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினார். பாதை அதற்குக் கிழக்கே விலகிப் போனது. ஸ்டேஷன் நாங்கள் பார்த்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில். அதன் முகப்பு டவுனைப் பார்த்து. டவுனிலிருந்து ஸ்டேஷனுக்கு வருகிற சாலை எங்கள் மேட்டின் அடிவாரத்தை உரசிக்கொண்டு போயிற்று. ஒரு வீடும் போகாது. அண்ணி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து டவுனிலிருந்து ஸ்டேஷன் வரை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். திரும்பி வரும் வழியில் பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார். மாதா பாட்டு, கன்னடத்தில். வீட்டுக்கு வந்து குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு போய், வெள்ளைக் கல்லிலிருந்து வாசல்வரை எட்டு வைத்து எண்ணியதும் அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் ஒன்பது வீட்டுப் பெண்களும் தண்ணீர்க் கிணற்றடியில் கூடினார்கள். ஆண்கள் கூடிய இடத்தில் கட்டில் போட்டது போல அங்கே எதுவும் போடவில்லை, குடங்களின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு வீடு விற்றாலும் மற்ற எட்டும் நிற்காது, விற்றால் சேர்ந்து விற்போம், இருந்தால் சேர்ந்து இருப்போம் என்று அண்ணி சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், தையல்காரர் மனைவியைத் தவிர. அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கம்பைநல்லூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மேட்டில் வந்து சம்பந்தம் செய்ய மாப்பிள்ளை வீட்டாருக்கு மனமில்லை. டவுனுக்குள் வீடு பார்த்துக்கொண்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள். "என் பொண்ணுக்காகத்தான் விக்கறேன் அக்கா. எனக்கு மட்டும் ஆசையா?" என்று அந்த அம்மாள் அழுதார்.

மறுநாள் காலை அண்ணி அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு கம்பைநல்லூருக்கு பஸ் ஏறினார். நான் கடத்தூருக்குப் போய்விட்டதால் கூட இல்லை, கேட்டதுதான். மாப்பிள்ளையின் அப்பாவை நேரில் பார்த்து, நீங்கள் வேண்டாம் என்கிற மேட்டை ஒருமுறை வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாராம். அவர் வந்தார். சர்வே கல்லின் பக்கத்தில் அவரை நிறுத்தி, "இங்க ரயில் நிக்கும் மாமா. எறங்கி நடந்தா நாலு நிமிசத்துல உங்க சம்பந்தி வூடு. டவுன்ல எவன் வூட்டுக்கு இப்படி ரயில் வருது?" என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அதே மாதத்தில் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். பெண் கொடுக்கவும் எடுக்கவும் யோசித்த இடம், ஒரு தண்டவாளம்கூட விழுவதற்கு முன்னாலேயே சம்பந்தம் பேசத் தகுந்த இடமாகிவிட்டது. நிலத்தின் மதிப்பு பத்திரத்தில் ஏறுவதற்கு முன்னால் மனிதர்களின் பேச்சில் ஏறுகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

அதற்கான விலையை அண்ணன் கொடுத்தார். பத்திரம் எழுத யாரும் வராத திங்கட்கிழமைக்கு மறுநாளே மண்டியில் வேறு ஆள் வண்டி பூட்டிக்கொண்டிருந்தான். அண்ணனை யாரும் திட்டவில்லை, ஏன் என்று சொல்லவுமில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அண்ணியிடம் பேசாமல் இருந்தார். அண்ணியும் கெஞ்சவில்லை. நாலாம் நாள் தன் கம்மலைக் கழற்றி அவர் கையில் வைத்து, "வண்டி நாமளே வாங்கிக்கலாங்க. ரயிலுக்குக் கல்லு வேணும், மண்ணு வேணும். நடந்தா வரும்?" என்றார். பாதை போடுகிற வேலை தொடங்கியபோது ஜல்லி அடிக்கிற வண்டிகளில் முதல் வண்டி எங்கள் அண்ணனுடையது. அடுத்த வருடம் இரண்டாவது ஜோடி மாடு வாங்கினார். மண்டியில் இருந்த காலத்தில் முதுகு வளைந்தே நடப்பார் அண்ணன். தண்டவாளத்துக்காக எழுப்பிய மண்கரைமேல் அவர் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தேன்.

ரயில் வந்த நாளன்று மேட்டில் ஒருவரும் அடுப்பு மூட்டவில்லை. பாறையின் உச்சியில் வரிசையாக நின்றோம். எஞ்சினுக்கு வாழைமரம் கட்டியிருந்தது. சத்தம் கேட்டுத் தையல்காரரின் பேரக்குழந்தை வீறிட்டு அழுதது. அதற்குப் பிறகு கரட்டுமேட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. அதுவரை எங்கள் பக்கத்தில் நிலத்தை ஏக்கரில்தான் பேசுவார்கள், மிஞ்சினால் சென்ட். ஸ்டேஷன் திறந்த பிறகு வந்தவர்கள் அடிக் கணக்கில் கேட்டார்கள். முகப்பு எத்தனை அடி, உள்ளே எத்தனை அடி என்று. நிலத்துக்கு அப்படியொரு கணக்கை எங்கள் அப்பா கேட்டிருக்கவேமாட்டார். வந்த கிராக்கியில் அவசரப்பட்டிருந்தால் மேடு துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். கிணற்றடியில் மறுபடியும் கூடினார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பாகத்தில் ஒரு வண்டி போகிற அகலம் விட்டுக்கொடுத்து, கீழே ஸ்டேஷன் சாலை வரைக்கும் நேராக ஒரு தெரு எடுத்தார்கள். தெரு வந்ததால் விளக்குக் கம்பம் வந்தது, கம்பத்துக்குப் பின்னால் குழாய் வந்தது. பின்பக்கத்துப் பாதியை விற்று முன்பக்கத்துப் பாதியில் காரை வீடு கட்டினார்கள். ஒன்பது வீட்டில் ஒரு வீடும் காலியாகவில்லை. மற்ற ஸ்டேஷன்களைச் சுற்றி விலை ஏறியபோது முதலில் வெளியேறியது அங்கேயே பிறந்தவர்கள்தான் என்பதைப் பிற்காலத்தில் பல ஊர்களில் கண்டேன். அப்போதெல்லாம் குடத்தின்மேல் உட்கார்ந்த அந்த ஒன்பது பெண்களை நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் புது வீட்டுக்குப் பக்கத்திலேயே வாடகைக்கென்று அண்ணி இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கட்டியிருந்தார். ஒரு முற்பகலில், பள்ளிக்கூடம் விடுமுறையாதலால் நானும் அங்கே இருந்தேன். புளி மண்டிக்காரர் தெருவில் ஏறி வந்தார். தலை நரைத்திருந்தது. கூட ஒரு இளைஞன். அவருடைய மருமகன், ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலை, எங்கள் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்திருந்தான். ராத்திரி டியூட்டியும் உண்டு என்பதால் பக்கத்திலேயே வீடு வேண்டும். அவர் எங்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். திண்டாடவிடாமல் அண்ணியே, "உள்ள வாங்க முதலாளி" என்றார்.

காபி குடித்துவிட்டு அவர் அறைகளைச் சுற்றிப் பார்த்தார். வியாபாரிக் குணம் போகவில்லை. "இத வெலைக்கே குடுத்திடறதுன்னாலும் சொல்லும்மா. நீ சொல்றதுதான் வெல" என்றார்.

"விக்கறதுக்கு இல்லீங்க. வாடகைக்குத்தானுங்க."

"வாடகை எவ்வளவு?"

"பக்கத்து வூட்டுல எல்லாரும் வாங்கறதுதாங்க. உங்களுக்குன்னு கூடவும் இல்ல, கொறைவும் இல்ல."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாவியை எடுத்து மருமகனிடம் நீட்டினார். எந்தக் கோபமும் இல்லாமல், ஒரு வீட்டுக்காரர் குடியிருக்க வருபவரிடம் எப்படிக் கொடுப்பாரோ அப்படி. மண்டிக்காரர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். நெடுநாளாக மனதில் கிடந்த கேள்வி போலிருக்கிறது.

"ஊருல படிச்சவன், பணம் வச்சிருக்கறவன் ஒருத்தனுக்கும் அன்னிக்குத் தெரியல. இந்த மேடு வெல போகும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது? யாரு சொன்னாங்க?"

எஞ்சினியரின் வரைபடத்தைச் சொல்வார் என்று நான் நினைத்தேன். அண்ணி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்கதானுங்க முதலாளி. என் வூட்டுக்காரரு உங்ககிட்ட பதினாறு வருசம் வண்டி ஓட்டினாரு. எங்க கண்ணாலத்துக்கு வரல, மாமனாரு செத்ததுக்கு வரல. அன்னிக்குத்தான் அந்த வெயில்ல மேடேறி நடந்து வந்தீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க, எங்க காலுக்குக் கீழ என்னமோ இருக்குதுன்னு."

மண்டிக்காரர் திரும்பி, தான் ஏறி வந்த தெருவைப் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். அவருக்கும் முன்னால் சிரிக்கத் தொடங்கியிருந்தார் என் அண்ணன்.