மே மாதத்தில் பார்த்த வீடு

செல்வராஜைத் தரைத்தளத்து வீட்டை வாங்க வைத்தவன் நான்தான். தெரிந்தே செய்தேன்.

செல்வராஜ் எங்கள் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். நான் அங்கே புவியியல் ஆசிரியர். ரிட்டையர் ஆகச் சில வருஷங்கள் இருந்தன. செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று ஒரு சின்ன அபார்ட்மென்ட் வருவதாகக் கேள்விப்பட்டு, மேல் வீடு ஒன்றுக்கு முந்திக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்தேன். கீழ் வீடு ஒன்று போகாமல் கிடந்தது. அதுவும் புக் ஆனால்தான் பூஜை போடுவேன் என்றார் பில்டர். அட்வான்ஸ் அவரிடம்... தூக்கம் போனது எனக்கு!

மே மாதம் செல்வராஜையும் அவர் மனைவி ஸ்டெல்லாவையும் மனையைக் காட்ட அழைத்துப் போனேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. களிமண். அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தவன் நான் — ஐப்பசியில் அதே இடத்தில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் சுகமாகப் படுத்திருப்பதைப் பார்த்தவன்.

"தண்ணி கிண்ணி நிக்குமா சார்?" என்றார் செல்வராஜ்.

"பேங்க்ல லோன் தர்றான்யா. பார்க்காமலா தருவான்?" என்றேன்.

"ஜியாகரஃபி சாரே வாங்கறாரு. அப்புறம் என்னங்க?" என்று ஸ்டெல்லா முடித்துவிட்டார்.

பேங்க் பார்த்தது பத்திரத்தையும் சம்பளச் சீட்டையும். எருமைகளை யார் விசாரித்தார்கள்? நாம் வீடு பார்க்கப் போவதே ஸ்கூல் லீவில்தானே... வாசல் எந்தத் திசை, குழாயில் தண்ணீர் வருமா என்றுதான் கேட்போம். தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்று தெரிய, அடைமழையில் ஒரு நடை போக வேண்டும். நீங்களே சொல்லுங்கள், நனைய யாருக்கு மனசு வரும்?

குடியேறிய முதல் மழைக்காலத்திலேயே கீழ் வீட்டு ஹாலில் காஸ் சிலிண்டர் மிதந்தது. அரிசி மூட்டையோடு இருவரும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்கள்.

தலையைத் துவட்டிக்கொண்டே ஸ்டெல்லா கேட்டார்: "தண்ணி பூந்த வூட்டுக்கும் மாசாமாசம் இ.எம்.ஐ. கட்டணும். ஏன் சார், நீங்க மட்டும் எப்படி மாடில வாங்கினீங்க?"

என் மனைவி காபியோடு அப்படியே நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். எருமைகள் உட்பட.

ஸ்டெல்லா, "மாட்டுக்குத் தெரிஞ்சுது, நமக்குத் தெரியலையே!" என்று கணவரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "போங்க சார்... உங்களைப் போய் நம்பினோமே."

மழை விட்டதும், வீட்டை மாற்றிக்கொள்வோம் என்றேன். பேங்கில் கேட்டால், கடன் முடியும்வரை பத்திரம் அவர்களிடம்தான். பெயர் மாற்ற வழியில்லை. சரி, வாய்வார்த்தையாகவே மாறிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம் — அவரவர் கடன் அவரவருக்கு, குடியிருப்பது அடுத்தவர் வீட்டில்.

"வேணாம் சார், வயசான காலத்துல..." என்று செல்வராஜ் இழுத்தார்.

"சார் பேச்சை நம்பி வாங்கினோம்ல? இப்ப குடுக்கறதையும் வாங்கிக்கலாம். பீரோவைத் தூக்குங்க!" என்றார் ஸ்டெல்லா.

இந்த வருஷ மழையில் தண்ணீர் என்னைத் தேடி வந்தது. கூப்பிடும் முன்பே செல்வராஜ் இறங்கி வந்து ஃப்ரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கம் நான். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றோம்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுய்யா."

"அடுத்த தபா வூடு வாங்கறப்ப என்னைக் கேளுங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

கேட்பேன்.