கப்பல் ஏறாத அரைப்போத்தல்

என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அன்றைக்கு அவரைப் பார்த்த ஒருவரும் இதை நம்பியிருக்க மாட்டார்கள் என்பதால், இங்கேயாவது எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தீபாவளிக்குக் கங்காணிமார் எவ்வளவு வற்புறுத்தினாலும் சோடாவைத் தாண்டாதவர். அப்படிப்பட்ட மனிதர் வருடத்தில் ஒரு நாள் றக்வானையில் பஸ் ஏறிப் பெல்மதுளைக்குப் போவார். றக்வானையிலும் சாராயக் கடை இருக்கிறது. ஆனால் அங்கே அவரைத் தெரியாத ஆள் இல்லை. பெல்மதுளையில் இறங்கி, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தவறணைக்குள் நுழைவார். அங்கே நிற்கும் கடைக்கார மாத்தயா இவர் தலையைக் கண்டதுமே அரைப்போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிடுவாராம். வருடத்துக்கு ஒரு தரம் மட்டும் வருகிற ஒரே வாடிக்கையாளர் இவர்தான் என்று பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சிங்களத்தில் அறிமுகமும் செய்து வைப்பாராம்.

அந்த அரைப்போத்தல் அவருடைய அப்பாவுக்கு, அதாவது செத்துப்போன என் மாமாவுக்கு. எங்கள் தோட்டத்தில் இறந்தவருடைய நினைவு நாளில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்போம். கோழிக்கறி, அவித்த முட்டை, பொரித்த கருவாடு, வெற்றிலை. குடித்தவர் என்றால் பக்கத்தில் சாராயமும் இருக்கும். மாமா குடித்தவர். கொஞ்சநஞ்சம் இல்லை.

போன வருடம் எங்களுடைய முப்பதாவது கல்யாண நாளுக்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் எங்கள் இரண்டு பேருக்கும் நாலு நாள் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். போனில் சொன்னபோது சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. இவர் கலண்டரைப் பார்த்தார். பயணத்தின் இரண்டாவது நாள் மாமாவின் நினைவு நாள்.

"நான் வரல. நீ போயிட்டு வா" என்றார்.

"கல்யாண நாளுக்கு நான் மட்டும் தனியாப் போய் யாரோட கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது? மாமாவையும் கூட்டிக்கிட்டுப் போவோம். படையல கப்பல்லயே போட்டாப் போச்சு" என்றேன்.

அந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. மகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "அப்பா, வெளியிலருந்து சாராயம் கொண்டு போக விடமாட்டாங்கப்பா. சட்டம் போட்டிருக்காங்க. உள்ளுக்கே பார் இருக்கு" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"அது குடிக்கிறவங்களுக்குச் சொல்றது. இது படையலுக்கு" என்றார் இவர்.

அதற்குப் பிறகுதான் அவர் துண்டு எழுத உட்கார்ந்தார். துண்டு என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து கேட்டைத் தாண்டி ஒரு விறகுக் கட்டு போக வேண்டுமென்றாலும் ஒரு துண்டு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக, பங்களாத் தோட்டத்தில் பூ வெட்ட, காலி உரச்சாக்கு எடுக்க, எல்லாவற்றுக்கும் கணக்கப்பிள்ளை ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். வாச்சர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறப்பார். முப்பது வருடம் துண்டு எழுதிய மனிதருக்கு, உலகத்தில் துண்டுக்குத் திறக்காத கேட் ஒன்று இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

இங்கிலீஷில் எழுதினார். இதைக் கொண்டுவருபவர் தன்னுடைய இறந்துபோன தகப்பனாருக்குப் படைப்பதற்காக அரைப்போத்தல் சாராயம் எடுத்துவருகிறார், குடிப்பதற்கு அல்ல, தயவுசெய்து உள்ளே விடவும். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே 'ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை'. கொண்டுவருபவரும் அவர்தான், உள்ளே விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான் என்பது அவருக்கு ஒரு குறையாகப் படவில்லை. நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு எழுத்துப் பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் படிப்பித்த கை சும்மா இருக்காது.

துறைமுகத்தில் எங்களுடைய பெட்டி மெஷினுக்குள் போய், வெளியே வராமல் நின்றது. சீருடை போட்ட ஒரு பெண் பெட்டியைத் திறந்து, என்னுடைய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கடைசியில் அரைப்போத்தலைத் தூக்கினாள். தூக்கின தூக்கில் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. பின்னால் நின்ற ஒரு சென்னைக்காரர் இவர் காதுப் பக்கம் குனிந்து, "சார், அடுத்த தடவை ஷாம்பு பாட்டில்ல ஊத்திட்டு வாங்க" என்று அனுபவஸ்தராக ஆலோசனை சொன்னார். இவர் அவரைப் பார்த்த பார்வையை நான் முன்பு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது கொழுந்துக் கூடைக்குள் கல்லை வைத்து எடை போட வந்த ஒருவனைப் பார்த்தபோது.

பிறகு சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து, மடிப்பை நீவிவிட்டு, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவரும் படித்தார். அவர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தலையை மெதுவாக ஆட்டி, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போத்தலின் கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டினார். கப்பலை விட்டு இறங்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு ரசீதும் கொடுத்தார். போத்தல் ஒரு தட்டில் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே ஊர்ப்பட்ட போத்தல்கள் கழுத்தில் அட்டையோடு நின்றன.

"அதெல்லாம் குடிகாரனுங்களோடது. நம்மளது வேற" என்றார் என்னிடம், ஏதோ மாமாவைக் கெட்ட சேர்க்கையில் விட்டுவிட்டு வந்த மாதிரி.

எங்களுடைய அறைக்கு ஜன்னல் இல்லை. கட்டிலும் ஒரு சின்ன மேசையும்தான். இவர் கட்டிலில் உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. கப்பல் புறப்படுகிறது, மேலே போய்ப் பார்ப்போம் என்று கூப்பிட்டேன், வரவில்லை.

"ஒரு வருஷம் மாமாவுக்கு லீவு குடுங்க. அவரு ஈரலுக்கும் நல்லது" என்றேன்.

வழக்கமாக இதற்குச் சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "அன்னைக்கும் குடுக்கல. நாளைக்கும் குடுக்கலன்னா அவரு என்னா நெனப்பாரு?" என்றார்.

அன்றைக்கு என்று அவர் சொன்னது இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தின ஒரு நாளை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, ஆனால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் அந்திக்கு மாமா மகனைக் கூப்பிட்டு, போத்தல் மூடியால் ஒரு மூடி, ஒரே ஒரு மூடி கொடு என்று கேட்டார். "நாளைக்குப் பார்ப்போம்ப்பா" என்றார் இவர். மாமாவுக்கு நாளை வரவில்லை. அதிலிருந்துதான் இந்தப் படையல். மற்றவர்கள் வீட்டில் படையல் ஒரு வருடம் தள்ளிப் போகும், கிள்ளிப் போடுவது போலச் சின்னதாகவும் நடக்கும். எங்கள் வீட்டில் ஒரு வருடமும் தவறியதில்லை.

இவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. அதே நாள் மத்தியானம் மாமா என்னிடமும் கேட்டார். கோதுமை மா டின்னுக்குள் நான் ஒளித்து வைத்த கால் போத்தல் ஒன்று இருந்தது. இல்லை மாமா, வீட்டில் ஒன்றும் கிடையாது என்றேன். டாக்டர் சொன்னதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் டாக்டர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. மாமா குடித்துவிட்டு வந்த சனிக்கிழமைகளால் நான் பட்ட பாட்டுக்கு அந்த மத்தியானம் நான் 'இல்லை' என்று சொல்லிப் பழி தீர்த்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலையிலேயே இவர் ரசீதைக் கொண்டுபோய் வரவேற்பு மேசையில் காட்டிக் கேட்டார். இறங்கும் நாளில்தான் என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினார்கள். பச்சைத் தண்ணீரை வைத்துப் படைத்துவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பாருக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாராயம் இல்லை. தென்னம்பூவிலிருந்து இறக்குவது என்று இவர் கையால் மரம் ஏறிக் காட்டி விளக்கினார். அந்தப் பையன் புரிந்துகொண்டு, பால் மாதிரி வெள்ளையாகத் தேங்காய் வாசத்தோடு ஒன்றை ஊற்றி, மேலே அன்னாசித் துண்டும் சொருகினான். இவர் இரண்டு அடி பின்வாங்கினார். கடைசியில் விஸ்கிக்கு வந்து நின்றோம்.

"விஸ்கி தொரமாரு குடிக்கிறது. அப்பா பங்களாப் பக்கமே போனதில்ல" என்று தயங்கினார்.

"இன்னைக்கு ஒரு நாள் அவரும் தொரையா இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன். வாங்கினார்.

பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் இரண்டு தட்டு நிறையக் கோழியும் முட்டையும் சோறும் எடுத்தோம். கருவாடு இல்லாததால் ஒரு துண்டு மீன். இவர் ஒரு கையில் விஸ்கியும் மறு கையில் கோழியுமாக லிஃப்டில் நின்றபோது ஒரு வெள்ளைக்காரி அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வாழையிலைக்குப் பதிலாகக் காகித நாப்கினை விரித்தோம். நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருந்ததால் இரண்டு பேருடைய போனிலும் வெளிச்சத்தைப் போட்டு விளக்காக வைத்தோம். இவர் திருநீறு பூசி, கண்ணை மூடி, "அப்பா, வாங்க. வீட்டுல இல்ல, கப்பல்ல இருக்கோம். ஆறாம் மாடி, இடது பக்கம்" என்று அறை நம்பரையும் இரண்டு தரம் தெளிவாகச் சொன்னார். படைத்த பிறகு, வந்தவர் நிம்மதியாகச் சாப்பிட எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்துவது எங்கள் வழக்கம். கொஞ்ச நேரம் பொறுத்து, மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்தோம். சாத்தினோம். கதவு 'க்ளிக்' என்றது.

தோட்டத்து லயத்து வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாது. அட்டைச் சாவிகள் உள்ளே, போன்களும் உள்ளே, மாமாவும் உள்ளே. வாழ்நாளில் அவரை இவ்வளவு சாவகாசமாகக் குடிக்க யாரும் விட்டதில்லை.

அரை மணித்தியாலம் நின்ற பிறகு, அறைகளைத் துப்புரவு செய்யும் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்தோனேசியாக்காரி. சாவியை எடுத்துத் திறக்கப் போனவளை இவர் தடுத்து, முதலில் தான் மூன்று தரம் தட்டினார்.

"உள்ளே யார்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"என்னுடைய அப்பா" என்றார் இவர்.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அந்த அறைக்கு இரண்டு பேர்தான். முகம் மாறி, இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸுக்குக் கை போனது. நான் பாய்ந்து விழுந்து விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய ஊரிலும் செத்தவர்களுக்குக் கோப்பியும் சிகரட்டும் வைப்பார்களாம். "சாப்பிட்டு முடித்திருப்பாரா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து, உள்ளே எட்டியும் பார்க்காமல் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

"கிளாஸ்ல கொறைஞ்சிருக்கு" என்றார் இவர், உள்ளே போனதும்.

"ஏசியில காஞ்சிருக்கும்" என்றேன்.

மூத்த மகன்தான் படையலை முதலில் வாயில் வைக்க வேண்டும். வருடா வருடம் நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்து வேப்பெண்ணெய் குடித்த முகம் காட்டுவார். அன்றைக்குக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். "ஒரு மூடிதான் கேட்டாரு" என்றார். கண் கலங்கியிருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஏங்க, அன்னைக்கு மத்தியானம் மாமா என்கிட்டயும் கேட்டாரு. மா டின்னுக்குள்ள கால் போத்தல் இருந்துச்சு. இல்லன்னு சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றார்.

"எப்புடி?"

"அந்திக்கு என்கிட்ட கேக்குறப்போ அப்பா சொன்னாரு. டின்னுக்குள்ள இருக்குறது அவருக்குத் தெரியும். மருமக இல்லன்னுட்டா, நீயாச்சும் எடுத்துக் குடுன்னாரு." கிளாஸை மேசையில் வைத்தார். "நான் குடுத்திருந்தா, நீ ஒருத்திதான் குடுக்காதவன்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரு. அதுனாலதான் நானும் குடுக்கல."

நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முகத்தைக் கழுவி, திருநீறு பூசி, சேலையைச் சரி செய்து, அட்டைச் சாவியை எடுத்துக்கொண்டு பாருக்கு நானே போனேன். அறுபதை நெருங்கும் ஒரு டீச்சர், நெற்றி நிறையத் திருநீறோடு, உயரமான நாற்காலிகளுக்கு நடுவில் நின்று ஒரு விஸ்கி கேட்டேன். யாருக்கு என்று அந்தப் பையன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் மாமாவுக்கு, என் கையால் கொடுக்க, என்று சொல்லியிருப்பேன்.