துரை கட்டிய அறை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது கட்டுக்கதை இல்லை. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிய, எனக்கு நடந்தது.

சினிமாவுக்கு ஒலி கலப்பது என் வேலை. அன்று கையில் இருந்தது வெள்ளைக்காரன் காலத்துப் படம். தோட்டத்துத் துரைக்கும் அங்கே கூலி வேலை பார்க்கும் பெண்ணுக்கும் ஊருக்குத் தெரியாத காதல். நிஜமான பழைய பங்களாவிலேயே எடுத்திருந்தார்கள்.

"உண்மைக் கதை சார். துரை அவளுக்காகவே கட்டின ரூம் இது" என்று படத்தில் வரும் அறையைக் காட்டி டைரக்டர் பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். சவுக்கால் அடித்து வேலை வாங்கியவனுக்குக் காதல் எங்கிருந்து பொத்துக்கொண்டு வந்ததோ! எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுத்த இடத்தில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்வோம். வசனத்துக்கு அடியில் அதைப் பரப்பினால்தான் காட்சி ஒட்டும்.

பரப்பினேன். "உங்களை விட்டு நான் எங்கே போவேன்?" என்றாள் கதாநாயகி.

டொக்... டொக்...

வெட்டினேன். வேறு துண்டு போட்டேன். அதே வசனம். அதே டொக்... டொக்... காலையிலிருந்து இதே கூத்து.

"சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார் டைரக்டர்.

பிழைப்பில் மண் விழப்போகிறது. கடுப்பில் அறைச் சத்தத்தையே மொத்தமாக எடுத்துவிட்டேன்.

டொக்... டொக்... டொக்...

அப்படியானால் குரல் பதிவில்தான் கோளாறு. கதாநாயகிக்குக் குரல் கொடுத்த டப்பிங் அம்மாவைத் திரும்ப வரவழைத்தேன். கண்ணாடி அறைக்குள் போனவர், வாயைத் திறக்குமுன் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரு சார் கதவைத் தட்டறது?"

அந்த அறைக்குள் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது.

"ஒண்ணுமில்லம்மா. பேசுங்க."

பேசினார். போட்டுக் கேட்டோம்.

குரல் அவருடையதுதான்.

வசனம்...

"திறங்க துரை... நான் வீட்டுக்குப் போகணும்..."

"சத்தியமா நான் இதைச் சொல்லலை சார்!"

டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அப்போதே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள், அந்த பங்களாவில் வேலை பார்த்த செட் ஆசாரியைப் பிடித்தேன். அந்த அறைக் கதவில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன்.

"கோளாறெல்லாம் இல்லண்ணே. உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. வெளிப்பக்கம் மட்டும் மூணு இருந்துச்சு. படத்துல அந்தப் பொண்ணு தானா வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடணுமாம்... அதுக்காக டைரக்டர்தான் கழட்டி உள்பக்கம் மாட்டச் சொன்னாரு."