நாயில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நிர்மலா நாய் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைப்பை மட்டும். நாய் இல்லை, பூனை இல்லை, கிளிகூட இல்லை. சீட்டு எழுதும் பெண் மூன்றாவது முறையாகக் கேட்கிறாள், "எதுக்கு உடம்பு சரியில்ல? எங்க வெச்சிருக்கீங்க?" நிர்மலா அவள் பக்கம் திரும்பாமலே பதில் சொல்கிறார். "ஒண்ணுத்துக்கும் இல்லம்மா. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. நான் சும்மா பாக்க வந்தேன்."

அந்தச் 'சும்மா'வை நம்பிவிடக் கூடாது. ஒரு நாயைத் தொட்ட கையோடு டாக்டர் அடுத்த நாயைத் தொடுகிறாரா, நடுவில் சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசையைத் துடைக்கும் துணி தரைக்கும் போகிறதா என்று பார்க்கிறார். எடை போடாமல் கண்ணாலேயே 'ஒரு பதினஞ்சு கிலோ இருக்கும்' என்று சொல்லி ஊசியில் மருந்தை இழுக்கிற டாக்டராக இருந்தால் அந்த நிமிடமே எழுந்துவிடுவார். இல்லையென்றால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஃபிரிட்ஜ் பக்கம் ஒரு நடை. தடுப்பூசிப் பெட்டிக்குப் பக்கத்தில் யாருடைய தயிர் டப்பாவாவது தெரிந்தால் அந்த ஆஸ்பத்திரியின் கதை முடிந்தது.

"நாயோட போனா நாம நாயத்தான் ண்ணா பாப்போம். அதும் மூஞ்சியப் பாத்துக்கினு அழுதுக்கினு இருப்போம். நாயில்லாம போனாத்தான் டாக்டரப் பாக்க முடியும்" என்பது அவர் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைப் பார்வையில் தேறியவர்களுக்கு இரண்டாவது பரீட்சை உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வார். ஓசூரில் பாதிப் பேர் அன்றைக்குச் சட்டினி அரைக்க முடியவில்லையே என்று கவலைப்படுவார்கள். நிர்மலா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காருவார். கரண்டு போன பிறகு லைட் எதில் எரிகிறது, ஃபேன் எதில் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக.

நிர்மலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. வெளியிலிருந்து வந்து இறங்கும் சாமானைச் சோதிப்பது அவர் பொறுப்பு. ஐநூறு பீஸ் இருக்கும் பெட்டியில் கைபோன இடத்தில் ஐந்தை எடுத்து அளப்பார். ஒன்று தவறினாலும் பெட்டிமேல் சிவப்பு அட்டை விழும். சப்ளையர்கள் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மானேஜர் போனில் தன்மையாகப் பேசிப் பார்த்திருக்கிறார். 'டீ நல்லா இருந்துச்சி சார், பீஸ் நல்லா இல்ல' என்று அவர் சொன்னது கம்பெனியில் இன்றைக்கும் புழங்குகிறது. அவருடைய அம்மா காவேரிப்பட்டினம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தே பழகிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்து, 'இது வேணாம், திருப்பி எடுத்துக்கினு போ' என்று சொல்லும் உரிமை ஒருத்திக்குக் கிடைத்தால், அதைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வருவாளா என்ன?

நான் பாகலூர் சாலையில் நிர்மலா இருக்கும் லைன் வீட்டிலேயே இரண்டு வாசல் தள்ளிக் குடியிருக்கிறேன். எனக்கு ஒரு பூனை. அதை எந்த டாக்டரிடம் காட்டுகிறேன் என்று ஒருமுறை கேட்டார். தெருமுனையில் இருக்கிறவரிடம், பக்கத்தில் இருக்கிறது என்பதால், என்றேன். "பக்கத்துல இருக்குதுன்னு பொண்ணு குடுப்பீங்களா ண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பூனையை நேருக்கு நேர் பார்க்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அவர் கணவர் சின்னராஜ் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மனைவியின் இந்தப் பழக்கத்தைக் கேலி செய்யும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைப்பவர். "என்னையும் இப்படித்தான் சார் பாத்தா. நான் பொண்ணு பாத்துட்டு வந்த மறுவாரம், நான் ஓட்டற பஸ்சுல ஏறி உக்காந்துக்கினா. சிப்காட்டு வரைக்கும் ஒரு பேச்சு இல்ல. எறங்கும்போது, ரெண்டு ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏத்தல நீங்கன்னு சொல்லிட்டுப் போறா."

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு வெள்ளச்சி என்று ஒரு நாய்க்குட்டி வளர்த்தார். எல்லாரையும்போல அருகில் இருந்த இடத்துக்கே தூக்கிப் போனார். சொன்ன தேதி தவறாமல் ஊசி, அட்டையில் முத்திரை. நான்காம் மாதம் ரத்தமாகக் கழிந்து மூன்றே நாளில் குட்டி செத்துப்போனது. அட்டையை எடுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனவர், அங்கே ஃபிரிட்ஜின் பிளக் பிடுங்கிக் கிடப்பதையும் அந்த ஓட்டையில் யாருடைய செல்போனோ சார்ஜ் ஏறுவதையும் பார்த்தார். சண்டை போடவில்லை. சார்ஜரைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கைச் செருகிவிட்டு வந்துவிட்டார். "ஊசியெல்லாம் ஒழுங்காத்தான் போட்டாங்க ண்ணா. ஊசிக்குள்ள மருந்துதான் செத்துப்போயிருந்திச்சி" என்று அவர் சொன்னபோது குரலில் அழுகை இல்லை.

இப்போது இருப்பவன் பேரிங். கம்பெனிக் கிடங்கில் பேரிங் வந்த அட்டைப்பெட்டிக்குள் கண் திறக்காமல் கிடந்தவன். சுத்தமான தெருநாய். இவனுக்காக ஊரில் ஏழு ஆஸ்பத்திரிகளைப் பார்த்து ஐந்தைக் கழித்துவிட்டிருந்தார். மிஞ்சியவற்றில் ஒன்று மெயின் ரோட்டில் கண்ணாடிச் சுவரோடு இருந்தது. எல்லா மெஷினும் உண்டு, ஜெனரேட்டர் உண்டு, ஃபிரிட்ஜ் கதவில் வெப்பம் குறிக்கும் தாள்கூட உண்டு. இன்னொன்று ராயக்கோட்டை சாலையில் ஒற்றை ஷட்டர் போட்ட அறை. டாக்டர் மேகலா தனியாக நடத்துவது. பராமரிப்பு நாளில் அங்கே இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஓடியது. டாக்டர் வியர்வையில் நனைந்தபடி ஒரு நாய்க்குட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் பாஸ். மெஷின் இருப்பதால் அவசரத்துக்குக் கண்ணாடி ஆஸ்பத்திரி என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

போன சித்திரையில் அந்த அவசரம் வந்தது. பேரிங் இரண்டு நாளாகச் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. மூக்கில் ரத்தம். சின்னராஜ் டியூட்டியில் இருந்ததால் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நாயைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது.

கண்ணாடி ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு நிமிடம் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். "தெருநாய் ஜாதிதானே? உண்ணிக் காய்ச்சல் ரொம்ப முத்திப்போச்சு. தாங்காது. கஷ்டப்படுத்தாம ஒரு ஊசியில முடிச்சிரலாம்" என்றார்.

"ரத்தம் டெஸ்ட் பண்ணலயே சார்."

"பாத்தாலே தெரியுதும்மா. நான் டாக்டரா, நீங்க டாக்டரா?"

"நீங்கதான் டாக்டரு. நாயி என்னுது" என்றார் நிர்மலா. "அளந்து பாக்காம நான் எதையும் ரிஜெக்ட் பண்றதில்ல சார்."

நான் கொஞ்சம் பயந்த சுபாவம். படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற தலைமுறை. "அவர் சொல்றதக் கேளும்மா, பாவம் அது படற பாடு" என்று மெதுவாகச் சொன்னேன். நிர்மலா என்னைப் பார்த்த பார்வையில் நானும் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டேன். பேரிங்கைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் நடக்க, பின்னாலேயே நானும் ஓடினேன்.

டாக்டர் மேகலா முதலில் நாயை எடை போட்டார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். உண்ணிக் காய்ச்சல்தான். அதில் கண்ணாடி ஆஸ்பத்திரிக்காரர் சொன்னது சரியாகவே இருந்தது. உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் கால்வாசிதான் மிச்சம் என்றார் மேகலா.

"பொழச்சிக்குமா மேடம்?"

"தெரியலம்மா. மருந்து வேலை செய்ய நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் இருக்கற ரத்தம் தாங்கணும். தாங்காதுன்னுதான் தோணுது. நல்ல பெரிய நாயோட ரத்தம் இன்னிக்கே ஏத்தினா ஒரு வழி இருக்கு. அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது."

நிர்மலா என் பக்கம் திரும்பினார். "தெரியலன்னு சொல்றாங்க பாருங்க ண்ணா. இவங்கதான்." ஏழு ஆஸ்பத்திரிகளில் அவர் தேடியது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இருபத்தைந்து கிலோவுக்கு மேல், தடுப்பூசி போட்டு, நோயில்லாமல் இருக்கும் நாய் வேண்டும். எங்கள் தெருவில் அவ்வளவு எடையில் எந்த நாயும் கிடையாது. பேரிங்கை டாக்டரிடமே விட்டுவிட்டு, நிர்மலா வண்டியை மறுபடியும் கண்ணாடி ஆஸ்பத்திரிக்கே விட்டார். "அங்கேயா?" என்றேன். "பெரிய நாயிங்க அங்கதான வருது" என்றார்.

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, காரிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டார். தமிழில் கேட்டார், கன்னடத்தில் கேட்டார், அரைகுறைத் தெலுங்கில் கேட்டார். ஒரு அம்மாள் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒருவர் தன் நாய் வெளிநாட்டு ரகம் என்று விளக்கம் கொடுத்தார். வாட்ச்மேன் வந்து, "டாக்டர் திட்டுவாரு, இங்க நிக்காத" என்றார். "உள்ள நிக்கலயே. ரோட்டுலதான நிக்கிறன்" என்று சொல்லி, சித்திரை வெயிலில் காலை அகட்டி வைத்து நின்றார். அங்கே தன் நாயை முடிக்கச் சொன்ன மனிதர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்மலா அதையும் கவனித்தார். நகரவில்லை.

கடைசியில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. சானமாவுக் காட்டுப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் நாராயணப்பன். யானை வந்தால் குரைத்து எழுப்புவதற்கென்று வளர்க்கும் கெம்பா என்ற செம்மண் நிற நாய், காலில் முள் என்று வந்திருந்தது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. நாராயணப்பன் முழுவதையும் கேட்டுவிட்டுத் தெலுங்கு கலந்த தமிழில், "ரத்தம் எடுத்தா நம்ம கெம்பாவுக்கு ஒண்ணும் ஆகாது கதா?" என்றார். "அத மேடம்தான் சொல்லணும். வந்து கேளுங்க" என்றார் நிர்மலா.

ஒற்றை ஷட்டரைப் பார்த்ததும் நாராயணப்பனுக்கு முகம் மாறியது. இந்தப் பொந்திலா என்று நினைத்திருப்பார். அவரைக் கெஞ்சியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நானாக இருந்தால் இரண்டையும் செய்திருப்பேன். உள்ளே பேரிங்குக்கு மூச்சு மேலும் கீழும் வாங்கிக்கொண்டிருந்தது. நிர்மலா ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து பாருங்க. அவங்க எப்படிப் பாக்கறாங்கன்னு பாருங்க. புடிக்கலன்னா கெம்பாவக் கூட்டிக்கினு போயிருங்க. நான் ஒரு வார்த்த சொல்லமாட்டன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உயிர் போகிற நேரத்தில் நியாயம் என்ன வேண்டியிருக்கிறது? நாராயணப்பன் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம். டாக்டர் மேகலா கையைக் கழுவினார். கெம்பாவின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். அவனை எடை போட்டார். அவன் ரத்தத்தை முதலில் கண்ணாடித் துண்டில் பார்த்தார். இரண்டு ரத்தமும் சேருமா என்று பார்த்தார். எவ்வளவு எடுப்பார், எங்கே நிறுத்துவார் என்று நாராயணப்பனுக்குச் சொன்னார். அந்தப் பத்து நிமிடமும் நிர்மலா சுவரோடு நின்றார். விரல்கள் துப்பட்டாவின் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நாராயணப்பன் எழுந்து தோளில் இருந்த துண்டை எடுத்து மேசைமேல் விரித்தார். "ஏறுடா கெம்பா" என்றார்.

பேரிங் என்ன ஆனான் என்று கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேற்றுகூட என் செருப்பில் ஒன்றைத் தூக்கிப் போய்விட்டான். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்டாண்டு. அதில் யாருடைய பூனைக்கோ குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கழற்றப் போனார். "அது பாட்டுக்கு இருக்கட்டும் மேடம், அதும் உசிருதான" என்று நிர்மலா தடுத்தார். ஜன்னல் கம்பியில் கட்டலாம் என்றால் குழாய் எட்டவில்லை. ரத்தப் பையைக் கையில் வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் கிடந்த நாயின் பக்கத்தில் நின்றார். வலது கை மரத்தபோது இடது கை. மறுபடி வலது கை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது. பை பாதிகூடக் காலியாகவில்லை. டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு ஓடிவந்த சின்னராஜ், மனைவியின் தோள் நடுங்குவதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"இங்க குடு நிர்மலா. கொஞ்ச நேரம் நான் புடிக்கிறன்."

நிர்மலா அவர் பக்கம் திரும்பவில்லை. கண் நாயின் வயிறு ஏறி இறங்குவதிலேயே இருந்தது. மடங்க ஆரம்பித்திருந்த முழங்கையை நிமிர்த்தி, பையை இன்னும் ஒரு சாண் மேலே தூக்கினார்.