வெருகல் கரையில் இரத்தம் எடுத்த நாள்

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்தில் இயந்திர வள்ளம் ஓட்டினேன். என்னோடு வள்ளத்தில் வேலை செய்தவரின் மகளைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். அவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. ஊர் எது என்று அவர் கேட்டபோது மூதூர்ப் பக்கம் என்றேன். அதற்கும் தெற்கே, வெருகல் கரையில், வேடர் குடியிருப்பு என்று சொல்லவில்லை. சொன்னால் பெண் தரமாட்டார்.

ஒரு காலை டாக்டர் ஒருவர் இரண்டு உதவியாளர்களோடும் ஐஸ் பெட்டியோடும் எங்கள் வள்ளத்தைக் கேட்டு வந்தார். கரையில் இருக்கிற வேடருக்கும் காட்டில் இருக்கிற வேடருக்கும், தமிழருக்கும் சிங்களவருக்கும் என்ன உறவு என்று இரத்தத்தைப் பார்த்தே சொல்லலாமாம். போகும் இடத்தைத் தேசப்படத்தில் காட்டினார். என் ஊர்.

வயிற்றுக் குத்து, வர ஏலாது என்றேன்.

"மாப்பிள்ளைக்கு இப்பவே வயித்தைக் கலக்குது" என்று மாமா சிரித்தார். வேறு ஓட்டி இல்லை. போனேன். கடலில் எங்கே இறங்குவது.

கரையில் வள்ளத்திலேயே நிற்கப் பார்த்தேன். பெட்டி பாரம். ஒரு பக்கம் மாமா பிடித்தார், மறுபக்கம் நான்.

சனம் என்னைக் கண்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. டவுனில் வேலை செய்கிற எங்கள் ஆட்களைப் பிறத்தியார் முன்னால் தெரியாத மாதிரி விடுவது எங்கள் வழக்கம்.

முதலில் நாக்கில் வைக்க ஒரு கடதாசித் துண்டு கொடுத்தார்கள். சிலருக்குக் கைத்தது, சிலருக்கு ஒன்றுமில்லை. அதுவும் பிறப்போடு வருவதாம்.

"என்ர மனிசியிர குழம்புக்கு இது பரவாயில்லை" என்றார் ஒரு கிழவர். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஊசி. எந்தக் குடி என்று கேட்டுக் கேட்டு டாக்டர் எழுதினார். எங்களுக்குக் குடி என்றால் தாய்வழி வரும் வம்சம். என் அக்காவின் முறை வந்தது. கையைச் சேலைக்குள் ஒளித்தாள்.

"எனக்கு ஏலாது."

"கொஞ்சந்தான் அம்மா. உங்கட குடியில வேற ஆள் வரேல்லை."

"அந்தா நிக்கிறான் என்ர தம்பி. அவனிட்ட எடுங்கோ. ஒரு தாய், ஒரு குடி. ரத்தம் ஒண்டுதானே?"

சூது இல்லை. ஒரு குடிக்கு ஒரே இரத்தம், யார் கொடுத்தாலும் சரி என்றுதான் நினைத்தாள். பயத்தில் வழக்கத்தை மறந்துவிட்டாள்.

டாக்டருக்குச் சந்தோஷம். இருவரிடமும் எடுத்தார். என் குழாயை வாங்கி ஐசுக்குள் வைத்தவர் மாமா.

திரும்பும்போது பாதிக் கடலில் மாமா என் பக்கத்தில் வந்து இருந்தார். டாக்டரும் ஆட்களும் முன்னால் நித்திரை.

"கூறைச் சீலை எடுத்தாச்சு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. இனி நிப்பாட்டினா ஏனெண்டு கேப்பினம். நான் என்னத்தைச் சொல்ல?"

நான் சுக்கானைப் பிடித்திருந்தேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீரும் சொல்லாதையும். உம்மட ஆக்கள் ஒருத்தரும் வரக்கூடாது. அக்காவும்தான். விளங்குதோ?"

"ஓம்" என்றேன்.

அக்காவுக்கு நான் கலியாண நாளைச் சொல்லி அனுப்பவில்லை. தாலி கட்டும் நேரம், தோழியாக நிற்க மாப்பிள்ளையின் சகோதரியை வரச் சொல்லி ஐயர் கூப்பிட்டார்.

"அவருக்குக் கூடப்பிறந்தவை இல்லை" என்றார் மாமா.

நான் மாலையோடு குனிந்து இருந்தேன்.