எலிசபெத்தம்மாளுக்கு மறுமொழி தந்த கத்தரீனா அக்கா

கத்தரீனா அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய கணவர் செபமாலை அண்ணன்தான். கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு முந்திய ஆகமன காலத்து மூன்றாம் ஞாயிறு. வாசலில் கதிரை போட்டு முகம் மழித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அக்கா போயிட்டா."

"எங்க போனவ?" என்று கேட்டேன்.

இந்தக் கரையில் கேலியும் பகிடியும் விட்டே காலம் கழித்தவன் நான். ஆனால் அதைப் பகிடியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே விளங்கவில்லை. ஐந்து நாள் காய்ச்சலாம். பங்கீட்டுக் கூப்பன் அரிசி அலுவலாகப் புத்தளத்தில் நின்றுவிட்டு முதல்நாள்தான் திரும்பியிருந்தேன். பாதி மழித்த முகத்தோடு செத்த வீட்டில் போய் நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு, அழுகை, ஒன்றும் வரவில்லை.

அக்காவை அறியாதவர்களுக்கு: அவர் கருவாடு காயவைப்பவர். உரத்த குரல். பிள்ளைகள் இல்லை. மூன்றாவதை மட்டும் சொன்னாலே எங்கள் ஊரில் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

உலகச் சண்டைக்கு முந்திய காலம். அவருக்கு மணமாகிப் பதினைந்து வருடமாகியும் பிள்ளையில்லை. செபமாலை அண்ணனின் தமக்கை திரேசம்மா ஒரு முடிவு எடுத்திருந்தார். நத்தார் முடிந்து எல்லோரும் மீன்பிடிப் பருவத்துக்குத் தீவிலுள்ள மீன்வாடிக் குடிசைகளுக்குப் போகும்போது கத்தரீனாவை அவருடைய தாய்வீட்டில் விட்டுவிடுவது. தன் தம்பி தனியே வருவது. அப்படி விடப்பட்டவர்களை யாரும் திரும்பக் கூட்டி வந்ததில்லை. இந்தச் செய்தி ஊருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஊருக்குச் சொன்னவனே நான்தான். அண்ணனோ தமக்கைக்கு ஒரு சொல் எதிர்ச்சொல் பேசாதவர்.

ஊருக்கு நாடகம் பழக்கும் அண்ணாவியான நான் அந்த ஆகமனத்தில் ஒரு நாடகம் எழுதினேன். முதிய வயதுவரை பிள்ளையில்லாமல் இருந்து, தேவதூதர் சொன்னபடி பிள்ளை பெற்ற எலிசபெத்தம்மாளைத் தேவமாதா சந்தித்த கதை. எங்கள் கரையில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். எலிசபெத்தம்மாளாகச் செபமாலை அண்ணன், மீசையை எடுக்க மறுத்துவிட்டு. தேவதூதரை நம்பாமல் ஊமையாகிப்போன அவர் கணவர் சக்கரியாஸாக நான். என் வாய் மூடியிருந்து பார்க்க ஊருக்கே ஆசை.

எலிசபெத்தம்மாளை அயலவர்கள் பழிக்கும் இடத்துக்கு நான் சிரமப்படவே இல்லை. கத்தரீனா அக்காவின் முதுகுக்குப் பின்னால் கடற்கரையில் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று நினைத்த மடையன் நான்.

ஒத்திகையன்று அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். கோயில் முற்றத்தில் அயல்வீட்டுக்காரி வேடக்காரர் சரியாக அந்த நேரம் முழங்கினார்: "இவட தொட்டில் கயித்தில வலைதான் காயுது!"

அக்கா கேத்தலை இறக்கி வைத்தார். செபமாலை அண்ணன் முக்காட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணாவி, ஒண்ட விட்டுட்டீங்க" என்றார் அக்கா என்னிடம். "'இவ கைபட்ட வலையில சுறா கிழிச்ச ஓட்டைதான் மிச்சம்.' அதையும் எழுதுங்க. நல்ல பேச்சு."

நான் கொப்பியை எடுத்தேன்.

"இதுக்கு எலிசபெத்தம்மா என்ன மறுமொழி சொல்லுறா?"

"ஒண்டுமில்ல அக்கா. அழுவுறா."

"ஏன் அழோணும்? பிள்ளை கிடைக்க முதலே அவ நீதியுள்ளவ எண்டுதானே சுவாமி பிரசங்கத்தில சொன்னவர். பிள்ளை பிறகுதானே வந்தது? எழுதுங்க, அண்ணாவி: 'பேரம் பேச நான் கடக்கரைக்கு வரேல்ல, கோயிலுக்கு வந்தனான். தந்தாலும் கும்பிடுவன், தராட்டியும் கும்பிடுவன். ஆனா கேக்கிறத விடமாட்டன்.'"

எழுதினேன்.

நாடகத்தன்று திரேசம்மா முன்வரிசையில் இருந்தார். செபமாலை அண்ணன் அந்த மறுமொழியைச் சொல்லி முடித்தார். அடுத்த வசனம் தேவமாதாவுடையது. ஆனால் அண்ணன் முக்காட்டைக் கழற்றிவிட்டு, மீசையோடு முன்வரிசையைப் பார்த்தார். "அக்கா, வாடிக்குப் போறதெண்டால் நாங்க ரெண்டு பேரும் போவம். இல்லாட்டி நானும் வரேல்ல."

தேவமாதா வேடக்காரர் வசனத்தை மறந்து நின்றார். நானோ ஊமை. சனம் அதையும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டியது. திரேசம்மா மட்டும் தட்டவில்லை. ஆனாலும் நத்தாருக்குப் பிறகு வள்ளத்தில் இருவருக்கும் இடம் இருந்தது.

பிள்ளை பிறக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கதையில் தேவதூதர் வரவில்லை. அக்கா அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஆகமனத்திலும் கோயிலில் முதல் ஆளாக வந்து முழந்தாளிட்டார்.

நேற்று அடக்கம் முடிந்து சவக்காலையிலிருந்து அண்ணனோடு நடந்தேன்.

"சனிக்கிழமை பின்னேரமும் கேட்டவ, தம்பி."

"என்னத்த?"

"பிள்ளை."

"அண்ணன்... அக்காவுக்கு அறுபதாகுதெல்லோ?"

"நானும் அதத்தான் சொன்னனான். 'எலிசபெத்தம்மாட வயச ஆண்டவர் கேட்டவரா?' எண்டு சிரிச்சுப்போட்டு, செபத்த முடிச்சிட்டுத்தான் படுத்தவ."

காலில் மணல் சுட்டது என்பது மட்டும் தெரிந்தது.

அண்ணனின் வீட்டுக்குப் போனதும் செபத்துக்கு அழைக்கும் திரிகால மணி அடித்தது. அண்ணன் பாயை விரித்தார். இருவருக்கான பாய். அதன் ஒரு ஓரத்தில் முழந்தாளிட்டார். மற்ற ஓரம் அப்படியே கிடந்தது. வழக்கமான செபங்கள் முடிந்தன. பிறகு, பிள்ளை வேண்டும் என்ற அக்காவின் மன்றாட்டையும் சொன்னார்.

நான் ஆமென் சொன்னேன், அக்கா. போய்வாருங்கள்.