பையைத் தானாகத் திறந்து காட்டுகிறவன்

என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலை வாசலில் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பார். அங்கே அவருக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்த ஒரே சூத்திரம் இதுதான்: பையைத் தானாகத் திறந்து காட்டுகிறவன் யோக்கியன், முறைக்கிறவன் திருடன். அதை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்.

நான் எம்பிராய்டரி போடுகிறவள். சீருடைச் சட்டைகளில் பள்ளிச் சின்னம் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் மெஷின் உயிரை விட்டது. மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இனி இதற்குச் செலவழிப்பது தண்டம் என்றார். பள்ளி திறப்பதற்குள் சட்டைகள் வராவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சீருடைக் கடைக்காரர் சொல்லிவிட்டார். கைவிட்டுப் போன ஆர்டர் திரும்பி வராது. புது மெஷினோ யானை விலை, குதிரை விலை. ஆகவே இணையத்தில் பழைய மெஷின் தேடும் பொறுப்பை இவர் எடுத்துக்கொண்டார். எனக்கு ஆளை எடைபோடத் தெரியாதாம். இவர் எடைபோட்டதெல்லாம் போனில்தான், ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டு மெஷின்கள் தேறின. ஒன்று, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு தையல்கார அம்மாவிடம் இருந்தது. இவர் அவரிடம் பில் கேட்டார், அடையாள அட்டை கேட்டார், நாலு பக்கமும் போட்டோ கேட்டார்.

"மெஷின் வீட்லதான் இருக்கு. வந்து ஓட்டிப் பாருங்க, பிடிச்சா எடுங்க. சினிமா ஹீரோயின் மாதிரி அதைத் திருப்பித் திருப்பி போட்டோ எடுத்துட்டிருக்க எனக்கு நேரமில்லை" என்று அந்த அம்மா போனை வைத்துவிட்டார். முறைக்கிறாள், கட்டாயம் திருட்டு மெஷின் என்று இவர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

இன்னொருவன் தங்கக் கம்பி. கேட்பதற்கு முன்பே பில் அனுப்பினான், அடையாள அட்டை அனுப்பினான், மெஷினின் நீள அகலம் அனுப்பினான், அது ரோஜாப்பூ தைக்கும் வீடியோ அனுப்பினான். தன் குழந்தையின் படத்தைக்கூட அனுப்பினான். வாய்க்கு வாய் அண்ணா. இவர் உருகிவிட்டார். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வேறொருவரும் கேட்கிறார், முன்பணம் போட்டால் உங்களுக்கே வைக்கிறேன் என்றானாம். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டும்விட்டார். அடுத்து, பாக்கி முழுவதையும் அனுப்பினால் வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னான்.

அப்போதுதான் போனை நான் பிடுங்கினேன். இன்றைக்கே வந்து பார்க்கிறோம், விலாசம் சொல்லுங்கள் என்றேன். மெஷின் குடோனில் இருக்கிறது, சாவி பார்ட்னரிடம் இருக்கிறது, பார்ட்னர் வெளியூரில் இருக்கிறார் என்று கதை நீண்டது.

"பரவாயில்லை தம்பி. அவர் வந்ததும் வீடியோ கால்ல வாங்க. நான் சொல்ற எழுத்தை என் கண்ணு முன்னாடி தைச்சுக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

"நம்பலைன்னா எப்படிக்கா?" என்றான். அதோடு சரி. அந்த எண் பிறகு கிடைக்கவே இல்லை. அந்த ரோஜாப்பூ வீடியோ வேறு யாரோ எடுத்தது, தேடினால் பத்து இடத்தில் பூக்கிறது.

வங்கியிலும் காவல் நிலையத்திலும் சொல்லி வைத்தோம். முன்பணம் போனது போனதுதான். அதைவிட, "எல்லாத்தையும் காட்டினானே" என்று இவர் புலம்பிக்கொண்டே இருந்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றுகிறவனுக்கு அதுதானே வேலை, காட்டாமல் என்ன செய்வான்? ஒழுங்காகப் பிழைக்கிறவளுக்குத்தான் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

தையல்கார அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நல்ல காலம், மெஷின் இன்னும் இருந்தது. இருவரும் போனோம். கதவைத் திறந்த அந்த அம்மா, இவர் தோளில் தொங்கிய பெரிய பையைப் பார்த்தார்.

"போன தடவை மெஷின் பாக்க வந்த ஒருத்தன் என் இன்னொரு தையல் மெஷினோட மோட்டாரைப் பையில போட்டுட்டுப் போயிட்டான். பையைத் திறந்து காட்டிட்டு உள்ள வாங்க."

என் வீட்டுக்காரர் முறைத்தார். அவர் பையை யாரும் இதுவரை கேட்டதில்லை.

"முறைக்காதீங்க. முறைக்கிறவன் யாருன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றேன்.

காது சிவக்க ஜிப்பைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த ஒரு துணி உறை. மெஷினில் தூசி படியாமல் மூடுவதற்கு. தையல் கோணல்மாணலாகப் போயிருந்தது. விசாரித்தால், அந்தத் தங்கக் கம்பி சொன்ன அளவை வைத்து, எனக்குத் தெரியாமல், வேலை இடத்தில் உட்கார்ந்து கையாலேயே தைத்திருக்கிறார் மனிதர். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

பள்ளிச் சின்னத்தையே தைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட அறுந்துபோகவில்லை. சட்டைகள் நேரத்துக்குப் போய்விடும் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், இவர் உறையை மெஷினுக்குப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு சாண் குட்டை.

"அளவைக்கூடத் தப்பா சொல்லியிருக்கான் பாரேன்" என்றார். "அப்போ அவன் திருடன்தான்."